ஈரத் துணியும் பதினாறு விசைகளும்

காலை ஆறு மணி. சிங்கப்பூர் தேக்கா சந்தையிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு சாப்பாட்டுக் கடை. கடைப் பையன் ஈரத் துணியால் கல்லா மேசையைத் துடைத்துக்கொண்டே வந்து, மேசையில் பதித்திருந்த கறுப்புப் பலகையையும் ஒரே இழுப்பில் துடைத்தான். சமையலறையில் இருந்த சின்னத் திரை கீச் கீச்சென்று கத்தியது. இட்லி 4, நெய்த்தோசை 3, வடை 11. கடையில் ஒரு வாடிக்கையாளர்கூட இல்லை.

"என்ன தம்பி, ஆளே வராம ஆர்டர் வருது? பதினொரு வடையை யாருக்குப் போடச் சொல்றே?" என்றார் முதலாளி அண்ணன். அந்தப் பலகையைச் செய்து கொடுத்தவன் நான்தான்.

முன்பு அந்த இடத்தில் அழுத்தினால் 'க்ளிக்' என்று சத்தம் வரும் பொத்தான் பலகை இருந்தது. மேலே பிளாஸ்டிக் தாள் ஒட்டியது. தோசை மாவும் எண்ணெயும் தாளின் ஓரத்தில் புகுந்து, அடிக்கடி தட்டப்படும் இட்லிப் பொத்தான் முதலில் செத்தது, அப்புறம் காப்பி. தொடுவிசைப் பலகை என்றால் ஓட்டையே இல்லாத ஒரே தகடு; மாவு புக வழியில்லை, துடைத்தால் போயிற்று. இப்படிச் சொல்லித்தான் அண்ணனைச் சம்மதிக்க வைத்தேன். துடைப்பதிலேயே சிக்கல் வரும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. விரலைக் கண்டுபிடிப்பது சுலபம், விரல் அல்லாத மற்றதையெல்லாம் ஒதுக்கத் தெரிவதுதான் இந்த வேலை என்பது அந்தப் பதினொரு வடைக்குப் பிறகுதான் புரிந்தது.

முதலில், ஒரு தகடு விரலை எப்படி உணர்கிறது?

பழைய ரேடியோ வைத்திருந்தவர்களுக்கு இது பழக்கமான சங்கதி. ஒலி 96.8 இரைச்சலோடு வரும்போது ஏரியல் அருகே கையைக் கொண்டுபோனால் பாட்டு தெளியும். கையை எடுத்தால் மறுபடி இரைச்சல். தொடக்கூட வேண்டாம், நெருங்கினாலே போதும். நம் உடம்பு உப்புத் தண்ணீர் நிரம்பிய பை, மின்சாரத்தைக் கடத்தும். கடத்தும் பொருள் இரண்டு எதிரெதிரே இருந்து, நடுவில் கடத்தாத பொருள் ஒன்று இருந்தால் அது மின்தேக்கி. கண்ணாடிக்குக் கீழே செப்புத் தகடு, மேலே விரல், நடுவே கண்ணாடி: அவ்வளவுதான், நீங்களே ஒரு மின்தேக்கியின் பாதி. (தேக்குவதற்கும் தேக்காவுக்கும் சம்பந்தமில்லை. மூங்கில் அடி என்று பொருள்படும் ஹொக்கியன் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. தேக்கு மரமும் இல்லை.)

எவ்வளவு தேங்கும் என்பதற்குப் பள்ளிக்கூடக் கணக்கே போதும். ஒரு சதுர செண்டிமீட்டர் விரல் நுனி, 3 மில்லிமீட்டர் கண்ணாடி என்றால் சுமார் 2 பிக்கோஃபாரட். அதே கனத்தில் அக்ரிலிக் என்றால் 0.9. ஒரு பிக்கோஃபாரட் என்பது ஒரு ஃபாரடின் லட்சம் கோடியில் ஒரு பங்கு. கடையில் கைநிறைய வாங்கும் மலிவான பீங்கான் மின்தேக்கி ஒன்றிலேயே இதைப்போல லட்சம் மடங்கு இருக்கும். அந்தத் துளியூண்டு மாற்றத்தைத்தான் சிப் கவனிக்கிறது.

"செருப்புப் போட்டிருந்தா வேலை செய்யுமா?" என்று எல்லோரும் கேட்பார்கள். செய்யும். நம் உடம்புக்கும் தரைக்கும் இடையிலும் ஒரு மின்தேக்கி உண்டு. அது ஏறக்குறைய 100 பிக்கோஃபாரட். விரலின் 1 பிக்கோஃபாரட்டுக்கு முன்னால் அது பெரிய குளம். வெறுங்காலோ, ரப்பர் செருப்போ, வேறுபாடு தெரியாது.

நான் முதலில் வாங்கியது எம்பிஆர்121 என்ற சிப். ஃப்ரீஸ்கேல் நிறுவனம் வெளியிட்டது, பன்னிரண்டு தகடுகளை இணைக்கலாம், பொழுதுபோக்குக்குச் செய்பவர்களிடையே பிரபலம். ஒவ்வொரு தகட்டுக்கும் ஒரு கம்பி. சிப் ஒவ்வொரு தகட்டிலும் கொஞ்சம் மின்னூட்டத்தை ஏற்றிப் பார்க்கும், விரல் வந்தால் கூடுதலாகத் தேங்கும், கூடினால் தொடுகை. பன்னிரண்டு போதாமல் இரண்டு சிப் வைத்து, பதினாறு விசைகளுக்குப் பதினாறு கம்பி இழுத்தேன். வீட்டு மேசையில் அருமையாக வேலை செய்தது. வீட்டு மேசையை யாரும் ஈரத் துணியால் துடைக்கவில்லை.

தண்ணீரும் கடத்தும் பொருள்தான். பலகையின் மேல் படர்ந்த நீர்ப்படலம் ஒரு தகட்டையும் பக்கத்துத் தகடுகளையும் சுற்றியுள்ள செம்பையும் சேர்த்துப் பிணைக்கிறது, தேக்கம் கூடுகிறது. 'கூடினால் விரல்' என்ற ஒரே விதியை வைத்திருக்கும் சிப்புக்கு நீரும் விரலும் ஒன்று. அதிலும் இட்லியைத் தொட்டால், படலம் வழியாக வடைக்கும் காப்பிக்கும் சேதி போய்விடும். சிப்பைக் குறை சொல்லிப் பயனில்லை. கேள்வியே தவறு.

மாற்றுவழி அணி முறை. ஆங்கிலத்தில் மேட்ரிக்ஸ் என்பார்கள். இங்கே பள்ளிக் கணக்கில் அணி. இதைச் சிங்கப்பூர்க்காரர்களுக்கு விளக்குவது சுலபம், ஏனென்றால் நம் முகவரியே அணிதான். வீவக அடுக்குமாடியில் #05-03 என்றால் ஐந்தாம் மாடி, மூன்றாம் எண். எட்டு மாடி, மாடிக்கு ஆறு வீடு என்றால் நாற்பத்தெட்டு வீடு. ஆனால் நினைவில் வைக்க வேண்டியது எட்டும் ஆறும் பதினான்கு எண்கள்தான். விசைப் பலகையிலும் அப்படியே. எட்டு கம்பிகள் ஒரு பக்கம், ஆறு கம்பிகள் இன்னொரு பக்கம், இரண்டும் சந்திக்கும் ஒவ்வோர் இடத்திலும் ஒரு விசை. 48 விசைக்கு 14 கம்பி.

இதில் ஒரு பொறி இருக்கிறது. கம்பிகளைத் தனித்தனியே அளந்து, "எந்த மாடியில் விளக்கு எரிகிறது, எந்த வரிசையில் எரிகிறது" என்று மட்டும் கேட்டால் ஒரு விரல் வரைக்கும் சரி. #03-05-லும் #07-02-லும் ஒரே நேரத்தில் விளக்கு எரிந்தால்? மூன்றாம் மாடி, ஏழாம் மாடி, இரண்டாம் வரிசை, ஐந்தாம் வரிசை என்று பதில் வரும். அதற்கு #03-02, #07-05 என்ற இருட்டு வீடுகளும் பொருந்தும். ஆள் இல்லாத வீட்டில் விளக்கு. பொறியாளர்கள் இதைப் பேய் விசை என்பார்கள். பொருத்தமான பெயர்.

உண்மையான அணிச் சிப் அப்படிக் கேட்பதில்லை. எட்டு கம்பிகளும் அனுப்பும் கம்பிகள். ஆறும் வாங்கும் கம்பிகள். சிப் ஒரு நேரத்தில் ஓர் அனுப்பும் கம்பியில் மட்டும் மின்துடிப்பை விடும். சந்திப்பில் இரண்டு செம்பும் தொட்டுக்கொள்வதில்லை. ஆனாலும் இடைவெளியைத் தாண்டி மின்புலம் வளைந்து கண்ணாடிக்குள் ஏறி, வாங்கும் கம்பியில் இறங்கும். ஒவ்வொரு துடிப்புக்கும் இம்மியளவு மின்னூட்டம் அந்தப் பக்கம் போய்ச் சேரும். ஒன்றை அளக்க முடியாது. அதனால் உண்டியலில் காசு போடுவதுபோலப் பல துடிப்புகளின் மின்னூட்டத்தை ஒரு சிறு மின்தேக்கியில் சேர்த்து, பிறகு மொத்தமாக எண்ணுகிறது. இப்படி #01-01, #02-01 என்று ஒவ்வொரு வீட்டின் கதவையும் தனித்தனியே தட்டிக் கேட்கிறது. பேய்க்கு வேலையில்லை.

இப்போது விரல் வந்தால் என்ன ஆகும்? மேலே வளைந்து வரும் மின்புலத்தில் ஒரு பகுதியை விரல் உறிஞ்சி உடம்பு வழியே தரைக்குக் கொண்டுபோய்விடும். வாங்கும் கம்பிக்கு வந்து சேரும் மின்னூட்டம் குறையும். கவனியுங்கள்: முந்தைய முறையில் விரல் வந்தால் எண் கூடியது, இதில் குறைகிறது.

அதோடு, பலகை மேல் சும்மா கிடக்கும் நீர்த்துளி எங்கும் போய்ச் சேரவில்லை. அதற்கு உடம்பு இல்லை, கால் இல்லை. அது இரண்டு செம்புக்கும் மேலே பாலம்போலப் படுத்துக்கொண்டு, இந்தப் பக்கத்து மின்புலத்தை அந்தப் பக்கத்துக்குக் கடத்திவிடும். எண் கூடும். விரல் என்றால் குறையும், தண்ணீர் என்றால் கூடும். இந்த ஒரு வேறுபாட்டுக்காகத்தான் நான் பழைய பலகையைத் தூக்கிப் போட்டேன்.

இந்த வித்தையைப் பொத்தான் பலகைகளுக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் ஹரால்ட் பிலிப். அவருடைய குவாண்டம் ரிசர்ச் குழுமம் க்யூமேட்ரிக்ஸ் என்ற பெயரில் வெளியிட்ட சிப் வரிசையில் க்யூடி60248 எட்டுக்கு மூன்று, 24 விசை. க்யூடி60486 எட்டுக்கு ஆறு, 48 விசை. 2008-ல் அந்த நிறுவனத்தை ஏட்மெல் வாங்கியது. 2016-ல் ஏட்மெல்லை மைக்ரோசிப் வாங்கியது. பெயர்ப்பலகை மாறினாலும் உள்ளே நடக்கும் கணக்கு பெரிதாக மாறவில்லை.

தொடுதிரைக்கு இன்னும் பழைய கதை உண்டு. 1965-ல் இங்கிலாந்தின் மால்வர்ன் நகரில் ஈ.ஏ. ஜான்சன், விமானக் கட்டுப்பாட்டாளர்கள் பயன்படுத்துவதற்கென்று மின்தேக்கத் தொடுதிரையை முன்வைத்தார். எனக்குப் பிடித்தது அணு ஆராய்ச்சி நிலையமான செர்னின் கதை. அணுத்துகள்களை முடுக்கும் எஸ்பிஎஸ் இயந்திரத்தின் கட்டுப்பாட்டு அறையில் ஆயிரக்கணக்கான பொத்தான்களும் குமிழ்களும் வைக்க முடியாது என்று 1970-களின் தொடக்கத்தில் பென்ட் ஸ்டும்பே கண்ணாடியில் செம்பைப் பொறித்துத் தொடுதிரை செய்தார். கோட்டின் தடிமன் 80 மைக்ரோமீட்டர், இடைவெளியும் 80. கண்ணுக்குத் தெரியாத அளவு. அதில் இருந்த பொத்தான்கள் எத்தனை தெரியுமா? பதினாறு. அண்ணன் கடையில் எத்தனையோ அத்தனையே. ஒவ்வொன்றும் தனித் தகடு. கிடைவரிசையும் நெடுவரிசையுமாகக் கம்பிகளைக் குறுக்கே ஓடவிடும் யோசனையை அவர் 1977-ல் எழுதினார். நான் ஒரு மாதத்தில் கடந்த தூரத்தை உலகம் நான்கைந்து ஆண்டில் கடந்திருக்கிறது என்று பெருமைப்படலாம், அவர்கள் எழுதியதை முன்பே படித்திருந்தால் அந்த ஒரு மாதமும் மிச்சம் என்பதை மறந்துவிட்டால்.

சரி, இனி செம்பு. சிப்பைத் தேர்ந்தெடுப்பது ஒரு மணி நேர வேலை; செப்புக் கோடுகளை வரைவதுதான் பலகையின் தலையெழுத்து. இதைப் பலர் தலைகீழாக நினைக்கிறார்கள். ஜாலான் புசார் சிம் லிம் டவருக்கு உதிரிபாகம் வாங்க வரும் மாணவர்கள் "எந்த சிப் நல்ல சிப்?" என்றுதான் கேட்பார்கள். (சிம் லிம் ஸ்குவேருக்குப் போய்விட்டு 'ஒன்றுமே கிடைக்கவில்லை' என்று திரும்பி வருபவர்களும் உண்டு. அது கணினிக் கடை. ரெசிஸ்டரும் ஒயரும் வேண்டுமென்றால் டவர்.) "உங்கள் கண்ணாடி எத்தனை மில்லிமீட்டர்?" என்பதுதான் நான் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி. மற்ற எல்லா அளவும் அதிலிருந்துதான் பிறக்கும்.

ஒரு விசையை உள்ளங்கை அளவுக்குப் பெரிதாக்கிப் பார்ப்போம். வெளியே ஒரு சதுர வளையம்: அது அனுப்பும் செம்பு. உள்ளே, சீப்பின் பற்கள்போல அனுப்பும் செம்பும் வாங்கும் செம்பும் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து நிற்கும், தொடாது. இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளி கண்ணாடிக் கனத்தில் ஏறக்குறைய பாதி இருக்க வேண்டும். இடைவெளியை மிகக் குறைத்தால் மின்புலம் குட்டையாக வளைந்து கண்ணாடிக்குள்ளேயே இறங்கிவிடும், விரலைப் பார்க்காது. மிக அகட்டினால் அந்தப் பக்கம் போய்ச் சேருவதே குறைந்துவிடும். என்னுடையது 3 மில்லிமீட்டர் அக்ரிலிக், ஆகவே 1.5 மில்லிமீட்டர் இடைவெளி. அனுப்பும் செம்பு அகலமாக இருக்கலாம். வாங்கும் செம்பு எவ்வளவு ஒல்லியோ அவ்வளவு நல்லது, ஏனென்றால் அது ஏரியல் மாதிரி. அகலமானால் ஊரில் உள்ள இரைச்சலையெல்லாம் வாங்கும். விசை முழுவதும் விரல் நுனியைவிடக் கொஞ்சம் பெரிதாக, 12, 15 மில்லிமீட்டர் இருந்தால் போதும்.

அடுத்தது கம்பி ஓடும் பாதை. அனுப்பும் கம்பியும் வாங்கும் கம்பியும் எங்கே நெருங்கி ஓடினாலும் அங்கே நாம் கேட்காத ஒரு விசை பிறந்துவிடும். என் இரண்டாவது பலகையில் காப்பி விசைக்குப் போகும் கம்பிகள் இரண்டு, ஓரத்தில் ஐந்து செண்டிமீட்டர் தூரம் ஒன்றாகவே ஓடின. முதலாளி அண்ணன் பணம் வாங்கும்போது முழங்கையை ஊன்றும் இடம் அது. அவர் சில்லறை எண்ணும்போதெல்லாம் உள்ளே காப்பி கலந்தார்கள். இரண்டையும் தூரத் தூர வைக்க வேண்டும். குறுக்கே கடந்தே ஆக வேண்டுமென்றால் செங்குத்தாகக் கடக்க வேண்டும். பக்கத்தில் ஓடியே ஆக வேண்டுமென்றால் நடுவில் ஒரு தரைக் கம்பியைக் காவலுக்கு நிறுத்த வேண்டும். வாங்கும் கம்பிகளைப் பலகையின் பின்பக்கம் ஓட்டுவது இன்னும் நல்லது.

ஒன்று சொல்ல மறந்தேன்: முகத்தில் விசைகள் நாலுக்கு நாலாக இருந்தால் மின்சுற்றிலும் நாலுக்கு நாலாக இருக்க வேண்டும் என்பதில்லை. நான் எடுத்தது 24 விசைச் சிப். எட்டு அனுப்பும் கம்பி, இரண்டு வாங்கும் கம்பி, பதினாறு வீடு. பார்ப்பவருக்கு நாலு வரிசை, சிப்புக்கு எட்டுக்கு இரண்டு. இட்லி எந்த மாடியில் குடியிருக்கிறது என்பது சமையலறைக்குத் தெரிய வேண்டியதில்லை.

கண்ணாடியா அக்ரிலிக்கா என்பதில் எனக்கு இப்போது சந்தேகமில்லை. காற்றின் மின்காப்பு எண் 1, அக்ரிலிக் சுமார் 3, கண்ணாடி சுமார் 7. எண் பெரிதானால் விரல் தெளிவாகத் தெரியும். 4 மில்லிமீட்டர் கண்ணாடி 3 மில்லிமீட்டர் அக்ரிலிக்கைவிடக் கனம், ஆனாலும் விரல் அதில் ஏறக்குறைய 1.7 மடங்கு பலமாகத் தெரியும். ஆனால் இந்த லாபத்தை ஒரு சின்னக் காற்றிடைவெளி தின்றுவிடும். பலகைக்கும் கண்ணாடிக்கும் நடுவே 0.3 மில்லிமீட்டர் காற்று நின்றால், அது கூடுதலாக 2 மில்லிமீட்டர் கண்ணாடி வைத்ததற்குச் சமம். அதைவிட மோசம், அழுத்தும்போது அந்த இடைவெளி குறைந்து விட்டால் எண் ஆடும். மெல்லிய இருபக்கப் பசைத் தாளால் குமிழி இல்லாமல் ஒட்ட வேண்டும். கைப்பேசிக்குப் பாதுகாப்புத் தாள் ஒட்டும் தேக்காக் கடைத் தம்பியிடம் கொடுத்து ஒட்டச் சொன்னேன். ஒரு மூலையிலிருந்து அட்டையால் தள்ளித் தள்ளி ஒட்டினான், ஒரு குமிழி இல்லை. பொறியியல் படித்த என்னால் மூன்று முறை முயன்றும் முடியாத காரியம்.

செம்பும் கண்ணாடியும் சரியானால் மீதி சிப்பின் தீர்ப்பு. மின்சாரம் வந்ததும் அது ஒவ்வொரு விசையின் எண்ணையும் ஒருமுறை அளந்து "இதுதான் யாரும் தொடாத நிலை" என்று குறித்துக்கொள்ளும். பிறகு, குறித்த எண்ணிலிருந்து இத்தனை குறைந்தால் தொடுகை என்று ஓர் எல்லை. சிங்கப்பூரில் ஆண்டுக்கு 2,100 மில்லிமீட்டருக்கு மேல் மழை, சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல். மதியம் குளிர்சாதனம் ஓடும்போது ஓர் எண், இரவு அதை அணைத்த பின் வெக்கையில் இன்னோர் எண். ஆகவே குறித்த எண் மெல்ல மெல்ல நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். மெதுவாக மாறினால் வானிலை, சட்டென்று மாறினால் விரல். எவ்வளவு மெதுவாக என்பதைச் செய்பவர்தான் முடிவு செய்ய வேண்டும். மிக வேகமாக நகரவிட்டால், தயங்கித் தயங்கி வரும் விரலையும் வானிலை என்று விழுங்கிவிடும்.

அந்தக் குறிப்பில்தான் நான் மறுபடியும் மாட்டினேன். பலகையை மாற்றி ஒரு வாரம் நிம்மதி. எட்டாம் நாள் காலை வடை விசை யாரும் தொடாமல் அழுந்தியபடியே நின்றது. காரணம் தேடி இரண்டு நாள் கடையில் உட்கார்ந்து தேநீர் குடித்தேன். பையன் முதலில் துடைக்கிறான். பிறகு, ஈரம் காயுமுன் மெயின் சுவிட்சைப் போடுகிறான். சிப் கண் விழிக்கும்போது பலகையில் தண்ணீர். தண்ணீரால் கூடியிருக்கும் எண்ணைத்தான் அது 'தொடாத நிலை' என்று குறித்துக்கொள்கிறது. அப்புறம் யாராவது காய்ந்த துணியால் ஒரு தேய்ப்புத் தேய்த்தால் எண் சட்டென்று குறையும். குறைந்தால் விரல் ஆயிற்றே! தண்ணீரை எதிர்த்திசையில் காட்டும் அதே குணம், தப்பான நேரத்தில் குறிப்பெடுத்தால் நம்மையே கவிழ்த்துவிடும். ஒரு விசை பத்து விநாடிக்கு மேல் அழுந்தியே இருந்தால் அது விரல் இல்லை என்று முடிவுகட்டி மறுபடி குறிப்பெடு என்று சொல்லிவைத்தேன். இட்லிக்குப் பத்து விநாடி யாரும் விரலை வைத்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

ஈரத் துணி? அது இன்னும் தீரவில்லை. கிடக்கும் தண்ணீர் வேறு, கையில் பிடித்த ஈரத் துணி வேறு. துணியின் ஈரம் கையோடு சேர்ந்தது. கை உடம்போடு சேர்ந்தது. சிப்பைப் பொறுத்தவரை அது ஒரு பெரிய விரல்தான். அணி முறையும் இதில் ஏமாறும். ஆனால் பெரிய விரல் ஒரே நேரத்தில் ஐந்தாறு விசைகளைத் தொடும். மனிதன் ஆர்டர் போடும்போது ஒன்றைத்தான் தொடுவான். பக்கத்து விசைகள் இரண்டு ஒன்றாகத் தெரிந்தால் பலமானதை மட்டும் எடு; மூன்றோ அதற்கு மேலோ தெரிந்தால் எதையும் எடுக்காதே, எல்லாம் ஓயும்வரை காத்திரு. சிப் எவ்வளவு சரியாக அளந்தாலும் இந்த விதியை மென்பொருளில் நாம்தான் எழுத வேண்டும். இதோடு, ஒரே அளவு தொடர்ந்து நாலைந்து முறை வந்தால்தான் நம்பு என்ற விதியும். ஒருமுறை பார்த்ததை நம்பினால் கைப்பேசி சிணுங்கினாலும் வடை வரும். இருபது முறை பார்த்துத்தான் நம்புவேன் என்றால் விரலை எடுத்த பிறகு விளக்கு எரியும், வாடிக்கையாளர் இரண்டு முறை தட்டுவார்.

இதே சங்கதி வேறொரு கதவில் நேர்மாறாக வேலை செய்வதை அண்மையில் கவனித்தேன். நம் அடுக்குமாடி வீடுகளில் இப்போது மின்னிலக்கப் பூட்டு உள்ள கதவுகள் நிறையக் கண்ணில் படுகின்றன. கறுப்புக் கண்ணாடி, எண்கள் தெரியாது. உள்ளங்கையை வைத்தால் எண்கள் ஒளிரும். பல விசைகள் ஒன்றாகத் தொடப்படுவது கடையில் குப்பை, கதவில் 'எழுந்திரு' என்ற கட்டளை. பூட்டு ஓடுவது பேட்டரியில். பலவற்றில் நாலு டபுள்-ஏ. விசை விசையாகத் தட்டிக்கொண்டே இருந்தால் பேட்டரி தாங்காது. எனவே தூங்கும்போது, எங்கேயாவது ஏதாவது மாறியதா என்று இடையிடையே ஒரு பார்வை. உள்ளங்கை வைத்த பிறகுதான் ஒவ்வொரு விசையாகப் பார்க்கும் முழு வேலை.

கண்ணாடியின் இன்னொரு குணம் பூட்டுக்கு ஆகாது. விரல் எண்ணெய் அதில் தங்கும். நான்கு இலக்க ரகசிய எண்ணுக்கு 10,000 வாய்ப்பு. ஆனால் சாய்த்துப் பார்த்தால் நான்கு எண்களில் மட்டும் ரேகை தெரிகிறது என்றால் மிச்சம் 24 வாய்ப்புத்தான். அதனால்தான் சில பூட்டுகள் முதலில் கண்டபடி இரண்டு எண்களைக் காட்டி அவற்றைத் தொடச் சொல்கின்றன. எண்ணெய்க் கறை வேறு இடங்களிலும் படியட்டும் என்ற தந்திரம். என் அம்மா இதைப் பூட்டின் கிறுக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

தொடுவிசை எல்லா இடத்துக்கும் பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும். மீன் கடையில் கனத்த ரப்பர் கையுறை போட்டவர் தொட்டால், ரப்பரின் கனமும் கண்ணாடியின் கனத்தோடு சேர்ந்துகொள்ளும். எல்லையைத் தளர்த்தினால் மற்ற நேரத்தில் பேய் வரும். மெல்லிய பிளாஸ்டிக் உறை என்றால் பரவாயில்லை. அடுத்தது, கண் தெரியாதவர். வழவழக் கண்ணாடியில் ஐந்து எங்கே, எட்டு எங்கே என்று தடவித் தேட முடியாது. தேடத் தடவினாலே அது அழுத்தியதாகிவிடும். நம் மின்தூக்கிகளில் பிரெயில் புள்ளியோடு உள்ளே அமுங்கும் பொத்தான்கள் இருப்பதற்கு நியாயம் இருக்கிறது. அண்ணன் கடையில் நான் செய்தது சின்ன ஒட்டு வேலை: ஒவ்வொரு விசையைச் சுற்றியும் அக்ரிலிக்கில் மெல்லிய பள்ளம் வெட்டினேன். பார்க்காமல் தட்டும் கைக்கு வரப்பு தெரிந்தால் போதும். பள்ளத்தில் மாவு சேர்கிறது என்று பையன் முகத்தைச் சுளித்தான். பல்துலக்கும் பழைய பிரஷ் ஒன்றைக் கொடுத்தேன்.

இப்போது துடைக்கும்போது திரை வாய் திறப்பதில்லை. போன வாரம் அண்ணன் கூப்பிட்டார். பரோட்டாவும் கொத்துப் பரோட்டாவும் சேர்க்கப் போகிறாராம், விசை வேண்டும்.

"இடம் இருக்கா தம்பி, இல்ல மறுபடி முதல்லேருந்தா?"

சிப்பில் மூன்றாவது வாங்கும் கம்பி சும்மா இருக்கிறது, எட்டு வீடு காலி. ஆனால் பலகையின் முகத்தில் இடமில்லை. மேசையை அறுக்க வேண்டும் என்றேன். மேசை மாமனார் வாங்கிக் கொடுத்தது, யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டார்.